வௌவால் கடித்த கொய்யா

கொரோனா காலத்தில் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியவன் நான். அதே நான், மழை விட்ட ஒரு காலையில் கரியாலூரில், வௌவால் கடித்துப் போட்ட கொய்யாவைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தின்றேன். அதுவும் வௌவாலிடம் கிருமி தேடி வந்திருந்த ஒரு பெண் ஆராய்ச்சியாளர் எதிரிலேயே.

அந்தப் பெண் மரத்தடியில் பாலிதீன் விரித்து, மேலே தொங்கும் பழந்தின்னி வௌவால்களின் மூத்திரத்தைச் சேகரிக்கிறார் என்று கேள்விப்பட்டு, கிண்டலாக ஒரு கட்டுரை எழுதலாமென்று கள்ளக்குறிச்சியிலிருந்து போயிருந்தேன். பக்கத்தில் உதிர்ந்து கிடந்த பழத்தை எடுத்து நீட்டியவர் என்னை ஏற்றி வந்த ஜீப்காரர், உள்ளூர்க்காரர்.

"கடிச்சதுதாங்க ருசி. அது மோந்து பாத்துதான் கடிக்கும்."

பாதி தின்றபோது அந்தப் பெண் திரும்பினார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவை போதும்.

"சார், துப்புங்க!"

"எம் பொண்ணு தெனமும் இதத்தான் துன்னுகினு பள்ளிக்கூடம் போவுது. இவருக்கு இன்னா ஆயிடப் போவுது?" என்று சிரித்தார் ஜீப்காரர்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நிபா வைரஸ் மாதிரி ஒண்ணு இதுங்ககிட்ட இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மனுஷங்களுக்கு வந்தப்புறம் தேடினா, இன்ன நோய்னு தெரியறதுக்குள்ள பரவிடும். முன்னாடியே தெரிஞ்சா, இங்க யாருக்காவது காய்ச்சல்னா எத டெஸ்ட் பண்றதுன்னாவது தெரியும்."

ஜீப்காரர் மகளுக்காக மடியில் கட்டியிருந்த பழங்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். தெளிந்த வானத்தின் கீழ், பாலிதீனில் மட்டும் துளிகள் விழுந்துகொண்டிருந்தன.

அந்த மூத்திரத்தின் பரிசோதனை முடிவு வரும்வரை என்னைத் தனியாக இருக்கச் சொன்னார் அந்தப் பெண். வீட்டு மாடி அறையில் இருந்தேன். பொழுது சாய்ந்தால் வௌவால்கள் சத்தமில்லாமல் எங்கள் தெருவைக் கடந்து போகும். இத்தனை வருஷம் நான் அண்ணாந்து பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வீடு கொய்யா மரம் வேறு. படிக்கட்டில் சோறு வைத்துவிட்டுப் போவாள் மனைவி. நான் தின்ற தட்டை அவள்தான் கழுவுகிறாள் என்பதை நினைத்தால் தொண்டை கரகரக்கும். கரகரத்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஒருவழியாக அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "இந்தத் தடவை எதுவும் இல்ல சார்."

முதல் இரண்டு வார்த்தைகளை அழுத்திச் சொன்னாரா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை. அடுத்த மாதமும் பாலிதீன் விரிப்பார்களாம். ஜீப்காரர் மகளைப் பற்றி விசாரித்தேன். நன்றாக இருக்கிறாள், கடித்த பழத்தை இப்போது கழுவிவிட்டுத் தின்கிறாளாம்.

கீழே இறங்கி வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்குள்ள எறங்கி வந்துட்டீங்களா? வூடு நிம்மதியா இருந்திச்சி," என்றாள். "அடுத்த தபா எப்பன்னு கேட்டு வெச்சிக்கினீங்களா?"