காதுக்காரி போட்ட சிவப்புக் குறி

கல்குவாரியில் அவளுக்குப் பெயர் காதுக்காரி. கல்லை ஒரு தட்டு தட்டிக் காதைச் சாய்த்தாள் என்றால் போதும், உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். எந்தக் காலத்திலோ கடலடியில் படிந்த சேறு இறுகிப்போன கல் அது. ஏடு ஏடாகப் பிரியும். தரைக்குப் போடுகிற பலகைக்கல்தான் அங்கே வியாபாரம். எப்போதாவது ஒன்றைப் பிளந்தால் நடுவில் கல்லாகிப்போன மீன் படுத்திருக்கும். அபூர்வமானதாக இருந்தால் மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்து, கண்டெடுத்தவர் பெயரைச் சீட்டில் எழுதுவார்கள். பதினெட்டு வருஷத்தில் அவள் முப்பத்தோரு மீன் கொடுத்திருக்கிறாள். அத்தனையும் சாதா மீன். அத்தனையும் கிடங்குக்குத்தான் போயின.

வெறும் கல் என்று பட்டால் முதுகில் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுக் கழிவில் எறிவது அங்கே வழக்கம். ஆளுக்கு ஒரு நிறம், சிவப்பு அவளுடையது. கழிவில் பின்னால் ஏதாவது கிடைத்தால், கல்லை எடுத்தவர் என்று குறி போட்டவர் பெயரும் சீட்டில் சேரும்.

எட்டு மாதம் முன்பு ஓரகத்தி வேலைக்கு வந்து சேர்ந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி. சிரித்த முகம், யாரைக் கண்டாலும் நாலு வார்த்தை. வந்த மாதமே மேஸ்திரி, "சின்னவளுக்கு நல்ல கல்லாக் கொடுங்க" என்றார். காதுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று முளைத்த காளானுக்கு நல்ல கல் கேட்கிறதா?

"கை பழகட்டும் மேஸ்திரி. முதல்ல கழிவுல தட்டட்டும்" என்றாள். சின்னவள் முகம் சுளிக்காமல் போய்க் கழிவில் உட்கார்ந்துகொண்டாள்.

போன வாரம் அந்தக் கழிவில் சின்னவளுக்குக் கிடைத்தது, கேளுங்கள், முழங்கை நீள மீன்! அதன் வாயில் பாதி விழுங்கின இன்னொரு மீன்! குவாரியே கூடிவிட்டது. எல்லோருக்கும் மீனைப் பார்க்கிற அவசரம். முதுகை யார் புரட்டினார்கள்? காதுக்காரி மட்டும் சாயங்காலம் அதை வைத்திருந்த கொட்டகைக்குள் போய்ப் புரட்டிப் பார்த்தாள். சிவப்பு.

வீட்டில் புருஷன், "நம்ம குடும்பத்துக்குத்தானே பேரு?" என்றான்.

"குடும்பமா? உங்க தம்பி பெண்டாட்டிக்கு!" என்று பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

குறியைக் காட்டினால் பெயர் வரும். பதினெட்டு வருஷமாக ஏங்கின பெயர். ஆனால் அதே குறி, 'காதுக்காரி தட்டிப் பார்த்தாள், உள்ளே ஒன்றுமில்லை என்றாள்' என்று ஊருக்கே சொல்லும். அப்புறம் எந்த முகத்தோடு காதைச் சாய்ப்பது? சின்னவளைக் கழிவுக்கு அனுப்பித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை நினைத்து நினைத்து வயிறு எரிந்தது. தனக்கில்லாத பெயர் அவளுக்கும் முழுசாகக் கிடைக்கக் கூடாது. ஆனால் மானம் போகக் கூடாதே!

மியூசியம் அதிகாரி சீட்டு எழுத வந்த அன்று, எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம். கொட்டகைக்குள் நுழைந்தாள். கல்லை நிமிர்த்தி, கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தாள். மானம் ஜெயித்துவிட்டது.

"அக்கா, என்ன பண்றீங்க?" வாசலில் சின்னவள்.

"தூசி."

"ஐயோ, குறியை அழிச்சிட்டீங்களா? இது அக்கா எடுத்த கல்லு, அவங்க பேரை முதல்ல எழுதுங்கன்னு சார்கிட்ட இப்பதான் சொன்னேன். பிளக்கும்போது பார்த்த குறியைக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தேன்."

பின்னால் அதிகாரி நின்றிருந்தார். குனிந்து கல்லின் முதுகைப் பார்த்தார். ஈரம்தான் இருந்தது.

"இங்க ஒண்ணும் இல்லையேம்மா" என்றவர், காதுக்காரியிடம் திரும்பினார். "உங்க கல்லா?"

சிவந்த கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். "இல்லைங்க."

அவர் ஒரே பெயரை எழுதினார். சின்னவள் அந்த மடக்கின கையைப் பார்த்தாள். பார்த்தும் காட்டிக்கொடுக்கவில்லை. மீன் போனது, பெயர் போனது, அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெரிய மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்றுதான் காதுக்காரிக்குப் பொறுக்கவில்லை.