பூங்காவனத்தை நான் கூப்பிட்ட விதம்

1. தொரை வந்த அன்று

பத்து மணிக்குத் தோட்ட மேனேஜர் பெரிய தொரை வருவார் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொழும்பிலிருந்து மூன்று பேரை அழைத்து வருகிறாராம். பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வேண்டுமாம்.

தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்தப் பிள்ளைக்காம்பராவுக்கு நான்தான் பொறுப்பு. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார், காலையில் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். என் பதவிக்குப் பிள்ளை அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பெயர். அதை யாரும் வாயால் சொன்னதில்லை. தோட்டத்துக்கு நான் ஸ்டெல்லா மிஸ்.

எனக்கு உதவிக்கு ஒருவர்தான். பூங்காவனம். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். பால் காய்ச்சுவது, தொட்டில் ஆட்டுவது, கழுவிவிடுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர் கையால்தான் நடந்தது. ரெஜிஸ்டர் எழுதுவதும் பிள்ளைகளை எடை பார்த்துச் சார்ட்டில் புள்ளி வைப்பதும் நான். பதினோரு வருடம் இப்படித்தான் ஓடியது.

அந்த வருடம் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருந்தாள். நிஷாலினி, நாலு வயது. கணக்கப்பிள்ளை ஐயாவின் மகள். கோட்டர்ஸில் இருக்கும் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள் எங்களிடம் வருவதில்லை, டவுனில் மொண்டிசோரிக்குப் போவார்கள். இவளுடைய அம்மா சுகந்திக்குப் பதுளையில் வேலை கிடைத்து, காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் எங்களிடம் விட்டார்கள். கெட்டிக்காரி. எது சொன்னாலும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள்.

தொரையும் மூன்று பேரும் வந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். வந்தவர்களில் ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த தாய்மாரும் கூடையோடு வாசலில் நின்று பார்த்தார்கள். பாட்டின் நடுவில் நிஷாலினி கையை நீட்டிக் கூப்பிட்டாள்.

"பூங்காவனம்! இங்க வா. மூக்கு ஒழுகுது, தொடச்சி விடு!"

தொரை சிரித்தார். அவர் சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"அடேயப்பா! இது நம்ம புது தொரைசானியா?"

எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். பூங்காவனமும் சிரித்துக்கொண்டே வந்து, முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுப் பால் அடுப்பைப் பார்க்கப் போனார். வந்தவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் பூங்காவனம் வேலைக்கு வரவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

2. கோட்டர்ஸில் ஒரு பிளேன்டீ

தனியாக இருபத்தோரு பிள்ளைகளைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அன்று தெரிந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. ஒன்று அழுதால் ஐந்து சேர்ந்து அழுதன. எந்தப் பிள்ளைக்கு எந்தத் துணி, யார் குப்புறப் படுத்தால்தான் தூங்கும், எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபமெல்லாம் ஒரே இடத்தில் போய் நின்றது. கோட்டர்ஸ்காரர்களின் வளர்ப்பு.

சாயங்காலம் நானே நிஷாலினியைக் கூட்டிக்கொண்டு கோட்டர்ஸுக்குப் போனேன். கணக்கப்பிள்ளையிடம் குறை சொல்லப் போவது லேசான காரியமில்லை. நாளைக்கே என்மேல் ஏதாவது ரிப்போர்ட் போகலாம். இருந்தாலும் போனேன். நல்லவேளை, சுகந்தி மட்டும்தான் இருந்தார். அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. வீட்டுல பெரியவங்கள எப்படிக் கூப்பிடணும்னு புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கணும். தொரைக்கு முன்னாடி அந்தப் பொம்பளையப் பேர் சொல்லி, வா போன்னு கூப்பிட்டிருக்கா. அவ இன்னைக்கு வேலைக்கே வரல."

சுகந்தி கொஞ்சம் திகைத்துப் போனார்.

"எந்தப் பொம்பள, மிஸ்? அந்த ஆயாம்மாவா? அவங்க பேரே எங்களுக்குத் தெரியாதே. இங்க வர்ற வாச்சரைக்கூட இவ மாமான்னுதான் கூப்பிடுவா." மகளைப் பார்த்துக் கேட்டார்: "அம்மாடி, அவங்களப் பூங்காவனம்னு யாரு கூப்பிடுவா?"

நிஷாலினி யோசிக்கவே இல்லை. ஒரு கையை இடுப்பில் வைத்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"பூங்காவனம், தண்ணி கொண்டா. பூங்காவனம், அந்தப் புள்ளையப் பாரு. ஒனக்கு எத்தன தடவ சொல்றது?"

குரல் என்னுடையது. அந்தக் கடைசிச் சொல்லை இழுக்கிற இழுப்புகூட என்னுடையது.

சுகந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. "இருங்க மிஸ், பிளேன்டீ ஊத்துறேன்" என்று உள்ளே போய்விட்டார். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். அவர் திரும்பி வருவதற்குள் அழுது முடித்துவிட்டேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் பூங்காவனத்தைப் பெரியம்மா, அத்தை என்று ஏதாவது ஒரு முறை வைத்துக் கூப்பிடுவார்கள். எல்லாம் அக்கம்பக்கத்து வீடு. நிஷாலினிக்கு அங்கே முறை சொல்ல யாரும் இல்லை. அவள் காதில் விழுந்தது நான் கூப்பிட்டது மட்டும்தான். இந்தக் குறிப்பில் பூங்காவனத்தை 'அவர்' என்று எழுதிக்கொண்டு போகிறேன். சுகந்தியிடம் நான் என்ன சொன்னேன் என்பதை மேலே பாருங்கள். 'அவ' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

3. லயத்தில்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து நேராக லயத்துக்குப் போனேன். பூங்காவனம் காம்பரா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் போகும்போதெல்லாம் எழுந்து நின்றிருக்கிறார். அன்றுதான் அது உறைத்தது.

"சுகமில்லையா?" என்று கேட்டேன். நீங்கள் என்று சொல்லவும் வரவில்லை, நீ என்று சொல்லவும் வரவில்லை.

"சுகத்துக்கு என்னா, மிஸ். நல்லாத்தான் இருக்கேன்."

"அந்தப் புள்ள பேசினதுக்கா?"

"ஐயோ, அது பச்சப்புள்ள. அது மேல என்னா கோவம்?" முறத்தைக் கீழே வைத்தார். "அன்னைக்கு வாசல்ல என் மருமக நின்னுக்கிட்டு இருந்தா, மிஸ். எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. தலையக் குனிஞ்சிக்கிட்டா. வீட்டுல நான் மாமியாரு. என்னையப் பார்த்து அவளுக்குப் பாவமா போச்சு பாருங்க, அதுதான் தாங்கல."

அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். மன்னித்துக்கொள்ளும்படி கேட்டேன். கடைசியில், "இனிமே உங்களை அக்கான்னு கூப்பிடுறேன்" என்றேன்.

அவர் பதறிப்போனார்.

"வேணாம், மிஸ். எனக்குக் கூச்சமா இருக்கும். ஏதோ என்னைய வேலைய விட்டு நிப்பாட்டப் போறீங்க மாதிரி இருக்கும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "பேர் சொல்லியே கூப்பிடுங்க. எங்கப்பா ஆசையா வச்ச பேரு. இந்த லயத்துல நான் கணேசனோட அம்மா, இல்லாட்டி மாமியாரு, பெரியம்மா. என் பேரச் சொல்றது நீங்க ஒருத்தர்தான். பேர விட்றாதீங்க. பின்னாடி ஒரு 'ங்க' போட்டாப் போதும்."

இவ்வளவுதானா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதினோரு வருடமாக அந்த இவ்வளவைக்கூட நான் கொடுக்கவில்லையே.

திங்கட்கிழமை காலையில், பெரட்டில் ஆள் பெயர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து அடுப்பை மூட்டியிருந்தார்.

4. அதற்குப் பிறகு

நாக்கு சுலபமாகப் பழகவில்லை. "பூங்காவனம், பால் கொண்டா" என்று ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, "கொண்டாங்க" என்று முடிப்பேன். அவருக்குச் சிரிப்பு வரும். நிஷாலினியை அவரே மடியில் வைத்து, "என்னையப் பெரியம்மான்னு கூப்பிடுறியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் "பூங்காவனம் பெரியம்மா, வாங்க" என்று முழுசாகக் கூப்பிடுவாள். மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளை ஐயா மகளைக் கூட்டிப்போக வந்தபோது, "பூங்காவனம் அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். கூடையோடு நின்ற பூங்காவனத்தின் மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு கிழமை போயிருக்கும். மழைக்காலம் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ரெஜிஸ்டர் எழுதும் இடத்துக்கு வந்து பூங்காவனம் தயங்கி நின்றார்.

"ஒன்னு சொல்லவா, மிஸ்?"

"சொல்லுங்க."

"அந்த ஜன்னலோரத் தொட்டில இந்தப் பக்கம் மாத்திருவோம். ஜன்னல் சாத்தியிருந்தாலும் இடுக்கு வழியா சாரல் அடிக்குது. எந்தப் புள்ளைய அதுல போட்டாலும் அதுக்குத்தான் சளி புடிக்குது."

பழைய ரெஜிஸ்டர்களை எடுத்துப் பார்த்தேன். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தொட்டில் என்று நான் எழுதி வைத்ததே இல்லை. அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்துப் பிள்ளையின் பெயரையும் சொன்னார்.

"இத ஏன் இத்தன வருஷமாச் சொல்லல, பூங்காவனம்? ஏன் சொல்லலீங்க?"

"அப்பல்லாம் சொல்ற மாதிரி இல்லங்க, மிஸ்."

தொட்டிலை அப்போதே மாற்றினோம். அவர் ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன். தூங்கிய பிள்ளை விழிக்கவில்லை.

இப்போது லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் என்னிடம் வேலை பழக வருகிறார்கள். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கப் பிள்ளைகளை எப்படிப் பழக்குவது என்று கேட்கிறார்கள். நான் அவர்களைப் பூங்காவனத்திடம் அனுப்பி, ஒரு நாள் முழுக்க அவர் சொல்கிறபடி வேலை செய்யச் சொல்கிறேன். அந்தப் பெண்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துப் பிள்ளைகள் பழகிக்கொள்ளும். தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.