தூரோடு வந்த ரம்பை

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதே, அதற்கு மறு வருஷம்தான் சித்தப்பா கொழும்பிலிருந்து சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணனிடம் கேட்டால் அதற்கு முந்தின வருஷம் என்பான். அவன் கணக்கில் எப்போதும் ஒரு வருஷம் குறையும். அந்தப் புயல் காற்றில் எங்கள் குசினிக் கூரை பறந்துபோய், அப்பா புது ஓலை வேய்ந்திருந்தார். சித்தி வந்து இறங்கிய அன்று குசினிக்குள் நின்று அண்ணாந்து பார்த்து, "பச்சை ஓலை வாசம் நல்லா இருக்கு" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே புயலுக்குப் பிறகுதான்.

எங்கள் வீடு கடலோரத்தில், திரேஸ்புரத்தில் இருந்தது. சித்தப்பா கொழும்பில் ஒரு கருவாட்டுக் கடையில் வேலை பார்த்து, அங்கேயே பெண்ணும் எடுத்தவர். இந்தியாக்காரர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்ற பேச்சு வந்தபோது இருவரும் புறப்பட்டுவிட்டார்கள். சித்தியின் அம்மா மட்டும் அங்கே தனியாகத் தங்கிவிட்டாள். கொழும்பு எங்களுக்கு அப்படியொன்றும் தூரம் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் திருநெல்வேலியைப் பார்த்ததில்லை, கொழும்பைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சித்திக்கு எங்கள் ஊர் வெளிநாடாக இருந்தது. கடல் அதேதான். மாதா கோயிலில் ஜெபமும் அதேதான். குழம்பு வேறாக இருந்தது.

வந்த கொஞ்ச நாளில் அவளுக்கு எதைத் தின்றாலும் வயிற்றில் தங்காமல் போயிற்று. அம்மா புளி கரைத்தால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். அது மசக்கை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏதோ கப்பல் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நடந்தேன்.

"ஏளா, இப்பிடிப் பட்டினி கிடந்தா பிள்ளை எப்பிடித் தேறும்? என்னதான் வேணும் உனக்கு, வாயத் தொறந்து சொல்லு" என்று அம்மா ஒருநாள் அதட்டினாள்.

"ரம்பை போட்டுப் பால் சொதி வச்சா ஒரு வாய் இறங்கும் அக்கா."

"ரம்பையா? அது யாரு?"

நீளமாக, பச்சையாக, வாள் மாதிரி ஒரு இலை என்று சித்தி கையால் காட்டினாள். துண்டாக நறுக்கிக் கறியில் போட்டால் வீடே மணக்குமாம். அவள் அம்மா வீட்டுக் கிணற்றடியில் புதர் மாதிரிப் பெரிய தூர் நிற்கிறதாம். அந்த அம்மா தினமும் அடுப்பில் சட்டி காய்ந்த பிறகுதான் போய் இலை ஒடிப்பாளாம்.

அம்மா அவளைச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன். காய்கறிக்கடை அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கறிவேப்பிலை இருக்கு, மல்லி இருக்கு, புதினா இருக்கு. இதத் தவிர இலைன்னா வெத்தலதான் தாயி. அதுக்கு நாலு கடை தள்ளிப் போவணும்" என்றார்.

அடுத்து சித்தப்பா திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரையிலிருந்து ஒரு கட்டு இலை வெட்டிக்கொண்டு வந்தார். நீளம், பச்சை, வாள் மாதிரியேதான். கையெல்லாம் கீறல். சித்தி முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் எங்கள் வீட்டில் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

"இது தாழை. ரம்பைக்கு முள்ளு கிடையாது."

"முள்ளச் சீவிட்டுப் போடேன்" என்றார் சித்தப்பா.

"ஏலே, அப்பிடியே கொஞ்சம் கருவேலமும் வெட்டிட்டு வா, சீவிப் போடுவோம்" என்றாள் அம்மா.

கடைசியில் மாமாவிடம் சொன்னார்கள். அம்மாவின் தம்பி அவர். கொழும்புக்குக் கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிப் போகிற தோணியில் சமையல் பண்டாரி. தோணி என்றால் காற்றைப் பார்த்துப் போகும், காற்றைப் பார்த்து வரும். பாயை விரித்த பிறகு இன்ன நாள் திரும்புவோம் என்று எவனும் சொல்ல முடியாது. மாமா சமைத்ததைச் சாப்பிடப் பயந்தே தோணிக்காரர்கள் வேகமாக ஓட்டுவார்கள் என்று அப்பா கேலி செய்வார். அந்தத் தடவை வேகமாகத்தான் வந்தார்கள். மாமா கொண்டுவந்த சமையல் பானைக்குள் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு சின்னக் கன்று இருந்தது. சித்தியின் அம்மா தன் கையால் தூரிலிருந்து பிரித்துக் கொடுத்ததாம். "வேர் பிடிக்கட்டும், அதுவரைக்கும் இலையில கை வைக்காதேன்னு சொல்லச் சொன்னாவ" என்றார் மாமா.

சித்தி அதைக் குசினிக்குப் பின்னால் நட்டாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிப்பு. அதனால் தனக்குக் குடிக்கக் கொடுத்த நல்ல தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினாள். வீட்டில் அத்தனை பேருக்கும் அந்தக் கன்றின்மேல் கண். அதுதான் வினையாயிற்று. எங்களுக்கு வளர்க்கத் தெரிந்தது தென்னையும் முருங்கையும்தான். தென்னை மூட்டில் கல்லுப்பு வைத்தால் காய் நன்றாகப் பிடிக்கும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அப்பாவுக்கோ உப்பளத்தில் வேலை. கன்று வாடாமல் எழும்பட்டும் என்று யாருக்கும் சொல்லாமல் ஒரு கை உப்பு வைத்தார். அம்மா முருங்கைக்கு ஊற்றுகிற மாதிரி மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பாவும் அப்பாவின் தம்பிதானே, அவரும் தன் பங்குக்கு ஒரு கை உப்பு வைத்தார்.

கன்று மஞ்சளாகி, அழுகி, ஒருநாள் காலையில் சாய்ந்து கிடந்தது. கிளறிப் பார்த்தால் மண்ணெல்லாம் உப்பும் செதிலும். அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி, "எல்லாரும் எனக்காகத்தானே செஞ்சீங்க" என்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குக் கஞ்சித் தண்ணீர்கூட அவளுக்கு இறங்கவில்லை.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் மாமா, "அழாத தங்கச்சி. இந்த நடைக்கும் உங்க அம்மாகிட்ட ஒண்ணு வாங்கிட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த முறை தோணி தாமதமாக வந்தது. மாமா தெருமுனையில் வரும்போதே நாங்கள் ஓடினோம். தலையில் ஒரு பெரிய ஓலைக்கூடை. அதில் இலை இலையாக, என் உயரத்துக்கு ஒரு தூர், வேரும் மண்ணுமாக அப்படியே நின்றது. அம்மா கை தட்டினாள். "ஏ யம்மா, தோப்பே வந்துட்டு! ஏளா, இனி உன் புருஷனுக்கும் என் புருஷனுக்கும் உப்பு கண்ணுல காட்டாதே" என்றாள். தான் ஊற்றிய மீன் தண்ணீரைச் சொல்லவில்லை.

சித்தி ஓடி வந்தவள் கூடையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மாமா அதை இறக்கி வைத்ததும் குனிந்து அடிமண்ணைத் தொட்டாள்.

"முழுசையுமா அண்ணே அம்மா தந்தா?"

"ஆமா. எனக்கு எதுக்கு, அவளுக்கே குடுன்னு சொன்னாவ" என்று சொல்லிக்கொண்டே மாமா கால் கழுவப் போய்விட்டார். காலைக் கழுவினார், கையைக் கழுவினார், மறுபடியும் காலைக் கழுவினார்.

சித்தி தூரைக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோனாள். தானே குழி தோண்டி நட்டாள். ஒரு இலை ஒடித்துச் சொதி வைத்தாள். மாமாவை உட்காரவைத்து முதலில் அவருக்குப் பரிமாறி, "நல்லா இருக்கா அண்ணே?" என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். பிறகு அவளும் சாப்பிட்டாள். கண்ணீர் வழிய வழிய ஒரு தட்டுச் சோறும் உள்ளே போயிற்று. கேட்டது கிடைத்த பிறகும் இந்தச் சித்தி ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டு ஜெபமாலை முடிந்து எல்லோரும் எழுந்திருக்கப் போகும்போது, மரித்தவர்களுக்காக ஒரு ஜெபம் சொல்ல வேண்டும் என்று சித்தி மெதுவாகக் கேட்டாள். அப்பா யாருக்கு என்று கேட்கவில்லை, சொன்னார். அழுகிப்போன அந்த முதல் கன்றுக்காகத்தான் என்று நான் நம்பினேன். கண்ணை இறுக்க மூடி, அதற்காகவே உருக்கமாக வேண்டிக்கொண்டேன்.

இப்போது எங்கள் தெருவில் பல வீடுகளில் ரம்பை நிற்கிறது. எல்லாம் அந்தத் தூரின் பிள்ளைகள். துபாய்க்கும் லண்டனுக்கும் போன பிள்ளைகள்கூடக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். தினமும் சமைக்கிறவள் ஒரு கன்றைத்தான் பிரித்துக் கொடுப்பாள். சமைக்க ஆள் இல்லாமல் போன வீட்டிலிருந்துதான் தூர் முழுசாக வரும்; அன்றைக்குக் கூடையைப் பார்த்ததுமே சித்திக்கு அது தெரிந்துவிட்டது. உங்களிடம் யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே கொடுங்கள், தூரோடு பிடுங்கிக் கொடுக்காதீர்கள். வாங்கிப் போகிறவர்களிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.