ஒன்றரை நாள் ஊமை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நண்டு ஓடின சேறு மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்று இன்றைக்கும் சந்தேகம்தான். இதை எழுதச் சொல்லி நூறு பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தவர் சிதம்பரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா. படிக்கும்போது சிவப்பு மைப் பேனாவைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே உப்பங்கழியில் தண்ணீருக்குள்ளேயே ஒரு காடு நிற்கிறது. சுரபுன்னை மரங்கள் குடைக்கம்பி மாதிரி வேர்களைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நிற்கும். அந்த வேர்களுக்கு நடுவே ஒரு படகு மட்டும் நுழைகிற அளவுக்கு வாய்க்கால்கள் ஓடும். பாதுகாக்கப்பட்ட காடு என்பதால் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது. இருபது வருஷமாக அங்கே சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றித் துடுப்புப் போட்டவன் நான்.

துடுப்புப் போடத் தெரியும். பேசத்தான் தெரியாது. நாலு பேர் என்னைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தனியாகப் படகில் போகும்போது மரங்களோடு பேசுவேன். எந்த மரம் போன மழையில் சாய்ந்தது, எது இந்த வருஷம் ஜாஸ்தியாகக் காய்த்தது என்று விசாரித்துக்கொண்டே போவேன். இது என் மனைவிக்குத் தெரியும். “மரத்துகிட்ட வாய் கிழியப் பேசற. மனுஷங்களப் பாத்தா மட்டும் வாயில கொழுக்கட்டையா?” என்பாள்.

2004இல் கடல் ஊருக்குள் வந்த அன்று நான் தேவனாம்பட்டினத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். அலை தூக்கி வந்த ஒரு படகு என் வலது தோளில் மோதியது. தோள் கூடியது, பலம் கூடவில்லை. அதற்கப்புறம் அரை நாள் துடுப்புப் போட்டால் மறுநாள் சோற்றுக் கையைத் தூக்க முடியாது. மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பிறகு திருப்பூரில் இருக்கும் என் மருமகன் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி, ஃபேன், எல்லாம் உண்டு என்றார். தண்ணீர் உண்டா என்று கேட்டேன். குழாய் இருக்கிறது என்றார்.

அந்தச் சமயத்தில்தான், 2008இல், காட்டுக்கு மூன்று நாள் சுற்று ஒன்று ஆரம்பித்தார்கள். பகலெல்லாம் காட்டுக்குள் படகு, சாயங்காலம் கரையில் கொட்டகை. கூடவே மரம், பறவை, நண்டு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல ஒரு கைடு வேண்டும். என் மனைவியின் தம்பி அதே படகுத்துறையில் படகு ஓட்டுகிறவன். அவன் போய் அங்கிருந்த சுற்றுலா அதிகாரியிடம் என் பெயரைச் சொல்லிவிட்டான்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இவரா? இவர் பேசி நான் கேட்டதே இல்லையே. சரி, ஒரு சுற்று போய் வரட்டும். கடைசில வந்தவங்க நோட்டுல எழுதுவாங்க இல்ல? கைடு வாயே தெறக்கலன்னு ஒருத்தர் எழுதியிருந்தாலும் வேற ஆளப் பாத்துக்கறேன்” என்றார்.

அப்படியானால் எனக்குத் திருப்பூர்தான்.

மச்சான் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தான். ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். சுரபுன்னையிடம் ஒப்பித்தேன், ஒரு சொல் தப்பவில்லை.

முதல் நாள் காலை மூன்று பேர் வந்தார்கள். எனக்கு நோட்டு வாங்கிக் கொடுத்த அதே டீச்சரம்மா, செம்மண்டலத்திலிருந்து கல்யாணமாகி இருபது நாளான ஒரு ஜோடி. மாப்பிள்ளை கழுத்தில் கேமரா. பெண்ணுக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது, கடைசியில் விக்கலில் போய் முடியும். நான் படகின் முன்பக்கம், அவர்கள் நடுவில், மச்சான் பின்னால் துடுப்போடு.

எழுந்து நின்றேன். கையைக் கூப்பினேன். மூன்று ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. நாலு பக்கமும் காற்றில் போய்விட்டன. கூப்பிய கையோடு அப்படியே நின்றேன். படகு ஒரு வளைவு தாண்டியது. இன்னொரு வளைவும் தாண்டியது.

“மாமா, சுரபுன்னை... சுரபுன்னைன்னு ஆரம்பி” என்று பின்னாலிருந்து மச்சான் நாடகத்துக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் கிசுகிசுத்தான்.

நான் கையை நீட்டிச் சுரபுன்னையைக் காட்டினேன். அவ்வளவுதான் வந்தது.

டீச்சரம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்து, “பாவம்மா, வாய் பேச வராதவர் போலிருக்கு. ஆனாலும் உழைச்சு சாப்பிடணும்னு வந்திருக்கார் பாரு” என்றார். என் காதில் தெளிவாக விழுந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, வயிற்றைத் தட்டி, விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், ‘சாப்பிட்டீங்களா?’ என்று ஜாடையில் கேட்டார். அவ்வளவு அன்பாகக் கேட்டவரிடம் நான் ஊமை இல்லை என்று எப்படிச் சொல்வது? அவர் முகம் என்னவாகும்? நானும் வயிற்றைத் தட்டித் தலையாட்டினேன்.

பின்னால் துடுப்பு தண்ணீரில் தப்பென்று விழுந்தது. மச்சான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான்.

மதியம் கரையில் சாப்பாடு. மச்சானைத் தள்ளிக் கூட்டிப்போய், “உண்மையச் சொல்லிடுடா” என்றேன்.

“உனக்கு என்னா மாமா பைத்தியமா? பேசாத கைடுன்னு எழுதுனாதான ஆபத்து? ஊமையப் போயி பேசலன்னு யாராச்சும் எழுதுவாங்களா? பாவம்னு நல்லதாதான் எழுதுவாங்க. மூணு நாள் வாய மூடிக்கிட்டு இரு. உனக்கு அது புதுசா என்னா? பேசறத நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டான். எப்படி என்கிறீர்களா? கரையில் ஓடின நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்தது. “அது சண்டைல ஜெயிச்ச நண்டு சார், தோத்தவன் கொடுக்கப் புடுங்கி ஒட்டிக்கிச்சி” என்றான். நீர்நாய் ஒன்று தலை தூக்கியது. “ஊர் நாய்தான் டீச்சர், வெள்ளத்துல வந்துச்சி, திரும்பிப் போக வழி தெரியல, இங்கயே பழகிடுச்சி” என்றான். மாப்பிள்ளை எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டார். என் காட்டைப் பற்றி இவ்வளவு பொய்யா?

பொறுக்க முடியாமல் எழுந்தேன். ஆண் நண்டுக்குத்தான் பெரிய கொடுக்கு, பெண் நண்டை ‘வா வா’ என்று கூப்பிடத்தான் அதை ஆட்டுகிறது என்பதைக் கையால் நடித்துக் காட்டினேன். ஒரு கையை மடக்கி, ஒரு கையை உயரத் தூக்கி ஆட்டி, பக்கவாட்டில் நாலு எட்டு. அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். அடுத்து சுரபுன்னைக் காயைக் காட்டினேன். முருங்கைக்காய் மாதிரி மரத்திலேயே தொங்கி, அங்கேயே முளைத்து, ஈட்டி மாதிரி விழுந்து சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். அதையும் நடித்தேன். கையை ஒட்டிவைத்துக்கொண்டு படகுப் பலகையிலிருந்து சேற்றில் குதித்தேன், முழங்கால் வரை இறங்கி நின்றேன். விக்கல் தொடங்கிவிட்டது. டீச்சரம்மா கை தட்டினார்.

எனக்கே ஆச்சரியம். ஊமை என்று ஆனதும் என் கூச்சம் எங்கேயோ போய்விட்டது. யாரும் என்னிடம் ஒரு சொல்கூட எதிர்பார்க்கவில்லை. வீட்டில்கூட ஆடாதவன் படகில் நண்டு ஆட்டம் ஆடினேன். அன்றைக்குச் சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பும்போது மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து ஆடினார். டீச்சரம்மா ஒவ்வொரு மணிக்கும் வயிற்றைத் தட்டிச் சாப்பிட்டேனா என்று விசாரித்தார்.

இரண்டாம் நாள் மதியம் காட்டின் மேட்டுப் பக்கம் படகை ஒதுக்கினோம். மச்சான் ஒரு மரத்தைக் காட்டி, “டீச்சர், உங்க ஊர்க்காரரு இவுருதான். தில்லை மரம்” என்று சொல்லிவிட்டு, படகைக் கட்டத் திரும்பிக்கொண்டான்.

டீச்சரம்மா எழுந்து நின்றுவிட்டார். சிதம்பரத்துக்குத் தில்லை என்றுதான் பெயர், கோயிலுக்கு அதுதான் மரம். ஆனால் ஊருக்குள் தேடினாலும் கிடைக்காது. அறுபது வருஷம் அந்த ஊரில் இருந்தவர் அன்றைக்குத்தான் அதை நேரில் பார்க்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். முந்தின நாள் முழுக்க, “யாரும் இலையக் கிள்ளக் கூடாது” என்று மாப்பிள்ளையை அதட்டினவர், தன்னை மறந்து ஒரு கொத்து இலையை ஒடித்தார். காம்பிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்தது. எங்கள் பக்கத்தில் சாமிப் பொருள் எது கையில் கிடைத்தாலும் என்ன செய்வோம்? கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அவரும் இரண்டு கையாலும் அதை ஏந்திக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும்.

“ஏய்! கீழ போடு! கண்ணு அவிஞ்சிடும்! போடுன்றேன் இல்ல!”

அது என் குரல்தான். கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. டீச்சரம்மாவின் கையிலிருந்து இலை விழுந்தது. நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, முகத்துக்குப் போகவிடாமல், சேற்றைப் பூசித் தேய்த்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை முழுக்கக் கவிழ்த்துக் கழுவினேன்.

கழுவி முடித்து நிமிர்ந்தால், அவர் தன் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் விரிந்திருந்தது.

“பேசிட்டார்!” என்றார். ஈரக் கையைத் தலைக்கு மேல் கூப்பினார். “பேசிட்டாரே! தில்லைல ஊமை பேசறது இது முதல் தடவை இல்லை! அந்தக் காலத்துல ஊமை ராஜகுமாரி பேசின தலமாச்சே!”

மாப்பிள்ளை படம் எடுத்தார். பெண் கண் கலங்கிவிட்டாள். மச்சான் சிரித்த சிரிப்பில் படகு விளிம்பிலிருந்து மல்லாக்கத் தண்ணீரில் விழுந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, “டீச்சர், கோயிலுக்கு வேண்டிக்காதீங்க! அந்த ஆளு பொறந்ததுலேர்ந்து பேசறவருதான்!” என்றான்.

திருப்பூர் கேட்டும் நாற்காலியும் ஃபேனும் என் கண் முன்னால் வந்தன. இனி மறைக்க ஒன்றுமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தோள், நோட்டு, மருமகன், மனப்பாடம் செய்த நாலு பக்கம், எல்லாம்.

டீச்சரம்மா படகில் ஏறி உட்கார்ந்தார். படகு நகர்ந்தது. ஒரு வளைவு தாண்டியது.

“நேத்திலேர்ந்து சாப்பிட்டீங்களான்னு கேக்கறதுக்கு எத்தனை தடவை நான் வயித்தத் தட்டியிருப்பேன்!” என்றார் கடைசியில்.

“பதினோரு தடவ டீச்சர்.”

“எண்ணி வேற வெச்சிருக்கீரா?”

அந்தப் பெண்ணுக்கு வாயைப் பொத்தியும் முடியவில்லை. முதலில் அவள், அப்புறம் மாப்பிள்ளை, அப்புறம் சொட்டச் சொட்ட நனைந்த மச்சான். டீச்சரம்மா ரொம்ப நேரம் உதட்டைக் கடித்துப் பார்த்தார். பிறகு அவரும் உடைந்தார். படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, தண்ணீர் உள்ளே தெறித்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினவரை, “கண்ணத் தொடாதீங்க!” என்று மறுபடியும் கத்தினேன். அதற்கு இன்னொரு முறை சிரிப்பு.

“தப்புக்குத் தண்டனை உண்டு” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நீர் வாய மூடக் கூடாது.”

எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மச்சான் எழுதிய நாலு பக்கம் ஞாபகத்துக்கு வரவில்லை. மரங்களிடம் என்ன பேசுவேனோ அதைத்தான் பேசினேன். சுரபுன்னை, பிள்ளையை இடுப்பில் வைத்தே வளர்த்து, நிற்கத் தெரிந்த பிறகுதான் இறக்கிவிடும் என்றேன். கண்டல் மரத்தின் இலையை நக்கிப் பார்க்கச் சொன்னேன். மூன்று பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு கிளையோரம் குனிந்தார்கள், உப்பு என்று கத்தினார்கள். நீர்நாய்க்கு நல்ல மீன் கிடைத்த நாளில் அது சறுக்கி விளையாடும் சேற்றுச் சரிவைக் காட்டினேன். மூன்றாம் நாள் கடலோர மணல் திட்டில் இறங்கியும் நிறுத்தவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி பேசினேன். டீச்சரம்மா தன் வயிற்றைத் தட்டி, வாயைக் காட்டி, ‘சாப்பிடும், பேசாதீரும்’ என்று ஜாடை செய்தார்.

சாயங்காலம் துறையில் நோட்டை நீட்டினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு பக்கம் முழுக்க நண்டு வரைந்தார்கள். டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக எழுதினார். அதிகாரி அங்கேயே நின்றபடி வாங்கி, உரக்கப் படித்தார்:

“கைடு அளவுக்கு மீறிப் பேசுகிறார். இடைவேளை விடுவதே இல்லை. அடுத்த முறையும் இவரே வேண்டும்.”

அதிகாரி என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். “இந்த ஆளா?”

“ஒன்றரை நாள் வரைக்கும் நல்லாதான் சார் இருந்தாரு” என்றான் மச்சான்.

மறுநாளே கைடு போடுகிற பச்சைச் சட்டை கொடுத்தார்கள். திருப்பூருக்குப் போன் போட்டு, வர முடியாது என்று நானே சொன்னேன். மருமகன், “யார் பேசறது?” என்று இரண்டு தடவை கேட்டார்.

அதற்கப்புறம் டீச்சரம்மா வருஷம் ஒரு தடவை வருகிறார். தில்லைக்கு ஐந்தடி தள்ளி நின்று கும்பிடுகிறார். சிரித்ததில் பாதி ஞாபகம் இல்லை, எழுதித் தாரும் என்று கேட்டுக் கேட்டு நாலு வருஷமாயிற்று. இன்றைக்கு ஆடிப்பெருக்கு, துறையில் கூட்டம். “மாமா, எழுதனது போதும், படகு நெறைஞ்சி போச்சி, பேச ஆளில்லாம நான் நீர்நாய்க் கதைய ஆரம்பிச்சிடுவேன்” என்று மச்சான் மிரட்டுகிறான். அதை அனுமதிக்க முடியாது. நிறுத்துகிறேன்.

2012 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை.