ஐம்பத்தேழாவது படி

மார்ச் 3: 18 படி
மார்ச் 20: 23 படி
ஏப்ரல் 11: 31 படி
மே 6: 44 படி
ஜூன் 2: 57 படி
ஜூன் 3 முதல் 20 வரை: 57 படி
ஜூன் 21: 72 படி

இந்தக் கணக்கு லிஃப்ட்காரருடையது. ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் ஓட்டியவர். எத்தனை தடவை மேலே போனது, எத்தனை தடவை கீழே வந்தது, நடுவில் எத்தனை நிமிடம் நின்றுபோனது என்று தினமும் நோட்டில் எழுதியவர். அவர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நாலாவது மாடியில். மாடிக்குப் பதினெட்டு வீதம் எழுபத்திரண்டு படி. ஊரையெல்லாம் உட்கார்ந்தபடியே மேலே ஏற்றிவிட்டு, தன் வீட்டுக்கு மட்டும் காலால் ஏறினார்.

ஓய்வு பெற்ற மறு வருடம் இதயம் தளர்ந்துபோனது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பதினெட்டாவது படியோடு நின்றுவிட்டார். தூக்கிக்கொண்டு போகிறோம் என்று நாலு பேர் வந்தார்கள். இத்தனை கிலோ தாங்குவீர்கள் என்று உங்களுக்குச் சான்று கொடுத்தது யார் என்று கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார். தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருந்த மச்சினன், கடைக்குப் பின்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தான். மனைவி நாலாவது மாடியில், புருஷன் தரையில். முப்பத்தாறு வருடக் குடித்தனம் படிக்கட்டால் இரண்டானது.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில், இதயத் தளர்ச்சிக்கான இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். காலையில் வெள்ளை மாத்திரை, இரவில் மஞ்சள். இரண்டில் ஒன்றில்தான் மருந்து இருக்கும்; மற்றது வெறும் மாவு. சிலருக்கு மருந்து வெள்ளையில், சிலருக்கு மஞ்சளில். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆய்வு முடிந்ததும் கடிதம் வரும்.

“ரெண்டு கயிறு தொங்குது, ஒண்ணுதான் லிஃப்டைத் தாங்குது, எதுன்னு ஓட்டறவனுக்கே சொல்ல மாட்டீங்க. அப்படித்தானே சிஸ்டர்?”

“சொல்லிட்டா உங்க மூச்சு அதுக்கு ஏத்த மாதிரி சாட்சி சொல்லும், ஐயா,” என்றாள் ஆய்வு நர்ஸ்.

பதில் அவருக்குப் பிடித்துப்போனது. கையெழுத்துப் போட்டார். மாத்திரை போட்ட நேரம், காலை எடை, மூச்சு முட்டாமல் ஏறிய படிகள், மாற்றம் இருந்தால் காரணம் என்று கட்டம் கட்டிய நோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள்.

தினமும் பத்து மணிக்கு ஏறத் தொடங்குவார். மூச்சு முட்டுகிற படியில் மச்சினனின் தையல் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கேயே உட்கார்ந்துவிடுவார். லிஃப்டில் அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலை ஓய்வு நாளன்று அலுவலகம் அவருக்கே கொடுத்திருந்தது. மச்சினன் அதன் பின்னங்கால் இரண்டையும் ஒரு படியின் உயரத்துக்கு, அதாவது பதினேழு சென்டிமீட்டர், அறுத்துவிட்டான். படியில் போட்டால் சிம்மாசனம். சமதரையில் போட்டால் ஆளை மல்லாக்கத் தள்ளும். மனைவி கோடு வரைக்கும் சாப்பாடு கொண்டுவருவாள். சாப்பிட்டு முடித்ததும் அவள் மேலே, அவர் கீழே.

குடும்பம் இரண்டு கட்சியானது. வெள்ளையைப் போட்டுக்கொண்டுதானே ஏறுகிறார் என்று மனைவி வெள்ளைக் கட்சி. மெஷினுக்கு ராத்திரி எண்ணெய் விட்டால்தான் காலையில் ஓடும் என்று மச்சினன் மஞ்சள் கட்சி. லிஃப்ட்காரர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஒரு மாத்திரையைக்கூட விட்டதும் இல்லை.

ஜூன் 2 அன்று ஐம்பத்தேழாவது படி. மூன்றாவது மாடியைத் தாண்டி மூன்று படி. கோடு அங்கேயே நின்றுவிட்டது. செய்தித்தாள் அந்தப் படிக்கு வந்தது. மூன்றாவது மாடி அம்மாள் குடிக்கத் தண்ணீர் வைத்தாள். முடிதிருத்துபவர் அங்கேயே வந்து முடி வெட்டிவிட்டுப் போனார். யாராவது மேலே போனால் லிஃப்ட்காரர் பழக்கதோஷத்தில் எத்தனாவது மாடி என்று கேட்பார். பதில் வந்த பிறகே முழங்காலை ஒதுக்கி வழிவிடுவார்.

தலையைத் திருப்பினால் தன் வீட்டு வாசல் மிதியடி தெரிந்தது. பதினைந்து படி. இந்த ஜென்மத்தில் அது அவ்வளவுதானோ என்று அவருக்குப் பயம் வந்தது.

“அந்த வெள்ளைதான் மாமா உங்களக் கீழ இழுக்குது. ஒரு வாரம் விட்டுப் பாருங்க,” என்றான் மச்சினன்.

மனைவி அதையே மஞ்சளுக்குச் சொன்னாள். விடுகிற மாத்திரைதான் மருந்தாக இருந்தால்? இரண்டு குப்பியையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க யோசித்தார். பிறகு வழக்கம்போல இரண்டையும் அதனதன் நேரத்தில் போட்டுக்கொண்டார்.

ஜூன் 20 அன்று நர்ஸ் படியேறி வந்து பரிசோதித்தாள். எடை கூடவில்லை, வீக்கம் வடிந்திருந்தது, நாடி சீராக இருந்தது. டாக்டரிடம் போனில் கேட்டாள். மெதுவாக ஏறலாம் என்றார். லிஃப்ட்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. நர்ஸ் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, இவரைத் தடுப்பது இதயம் இல்லை, ஸ்டூல்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மணி ஒன்றாயிற்று. சாப்பாடு வரவில்லை. மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“சாப்பாடு வெச்சாச்சுங்க.”

“எங்க?”

“முப்பத்தாறு வருஷமா எங்க வைப்பேனோ அங்கதான்.”

சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்தார். மூச்சு முட்டப்போகிறது என்று மூன்று இடத்தில் நின்று பார்த்தார், முட்டவில்லை. ஒன்று இருபதுக்கு மிதியடியில் கால் வைத்தார். நோட்டில் 72 என்று எழுதி, காரணம் என்ற கட்டத்தில் ‘சாப்பாடு கீழே வரவில்லை’ என்று உள்ளபடி பதிந்தார். அடுத்த மாதம் நர்ஸ் அதை அப்படியே ஆய்வுக் கணக்கில் ஏற்றிக்கொண்டாள்.

ஆய்வு முடிந்து கடிதம் வந்தது. அவருக்கு மருந்து இருந்தது மஞ்சளில். மொத்தக் கணக்கில் இரண்டு மருந்தும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் கொடுத்தன. முதல் வரியோடு மச்சினன் கடைக்கு அரைநாள் லீவு விட்டுவிட்டான். கடைசிப் பத்தியை லிஃப்ட்காரர்தான் படித்தார். ஜூன் 21 முதலான படிக் கணக்கில் மருந்தல்லாத காரணம் குறுக்கிட்டிருப்பதால் அது சேர்த்துக்கொள்ளப்படவில்லை. தங்கள் இறுதி நிலை 57 படி.

தன் சமையலறையில் நின்றபடி அதை மூன்று தடவை படித்தார்.

“அப்ப நான் இங்க இல்ல,” என்றார்.

“இல்லாத மனுஷனுக்கு எதுக்குத் தட்டு? ஆஸ்பத்திரி சொன்ன இடத்துல போய் உக்காருங்க, கொண்டாரேன்.”

மனைவி கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் நோட்டு ஒன்று, நடப்பு ஒன்று என்று அவர் ஆயுளில் ஒரு நாளும் விட்டதில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பதினைந்து படி இறங்கினார். தலையில் அடித்துக்கொண்டு அவளும் சாப்பாட்டோடு இறங்கினாள். மங்கிப்போன கோட்டுப் பக்கத்தில் சாப்பிட்டார்கள். கை கழுவ அவரே பதினைந்து படியும் ஏறிப் போனார். பிறகு நோட்டை எடுத்து, ‘57: நேரில் சரிபார்க்கப்பட்டது. 72: வசிப்பிடம்’ என்று எழுதி, அடியில் கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே, கடிதம் கிடைத்த நாள்: நவம்பர் 22.