கண்ணாடியில் விழுந்த வெள்ளை

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது நான்தான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

வீட்டில் அவளும் அண்ணனும் மட்டும். பதினான்கு மாதங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து நடையும் போயிற்று, பேச்சும் போயிற்று. பகலில் ஓர் ஆயா வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் இவள்தான். இதற்கிடையில் வேறு ஊரிலுள்ள ஒரு பெரிய மருத்துவமனை, அதன் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை ஏற்க இவளைக் கூப்பிட்டது. "அண்ணன விட்டுட்டு எப்படிக்கா போறது?" என்று மறுத்துவிட்டாள். நல்ல மனசுதான், ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் விடாமல் மறுபடி கேட்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் கட்டிலுக்கு எதிரே, அவர் ஆசை ஆசையாக வளர்த்த கடல்மீன் தொட்டி. உள்ளே உயிருள்ள பவளமும் உண்டு. நாள் முழுக்க அவர் பார்ப்பது அது ஒன்றைத்தான். மீனின் செதிலையும் பவளத்தின் குட்டிக் குட்டி வாய்களையும் பெரிதாக எடுத்துக் காட்டினால் அவருக்குப் பொழுது போகுமே என்று, பழைய கேமரா ஒன்றும் மேக்ரோ லென்ஸும் வாங்கினாள். மீன் கடைக்காரர் பாடம் எடுத்தார்.

"கண்ணாடிய உள்ளயும் வெளியயும் நல்லா துடைங்க. லென்ஸ சாய்க்காம நேரா வைங்க. ஜன்னல் திரைய இழுத்து விட்டுடுங்க, இல்லன்னா ரூம்ல இருக்கறதெல்லாம் கண்ணாடியில தெரியும். பவளம் எடுக்கறப்ப பம்ப நிறுத்திடுங்க, தண்ணி ஆடினா படம் கலங்கிடும்."

முதல் ஞாயிற்றுக்கிழமை மீன்களை மட்டும் எடுத்தாள். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. திரையை இழுக்க மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் படங்களைக் கூடத்துக் கணினியில் போட்டுக் காட்டினாள். முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஒண்ணு கூட லென்ஸப் பாக்கலக்கா. எல்லாம் முன்னாடி வந்து கூடுது. ஆனா எனக்குப் பின்னாடி எதையோ பாக்குது."

அரை மணி நேரத்தில் எடுத்த நாற்பது படங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கண்ணாடியின் ஓரத்தில், மீனுக்குப் பின்னால், மங்கலாக ஒரு வெள்ளை. முதல் படத்தில் அது கீழே நீளமாகக் கிடந்தது. "படுக்கை விரிப்பா இருக்கும்," என்றாள். பதினைந்தாவது படத்தில் அது நிமிர்ந்திருந்தது. முப்பதாவதில் கட்டிலை விட்டு நகர்ந்திருந்தது. கடைசிப் படத்தில் அவள் தோளுக்கு மேலே, தொட்டியின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது.

மௌஸிலிருந்து கையை எடுத்தேன். "வீட்டுல வேற யாருடி இருந்தா?"

"யாருமில்ல. ஆயாவுக்கு அன்னிக்கு லீவு."

"உங்கண்ணன் என்ன கலர் சட்டை போட்டிருந்தாரு?"

அவள் மறுபடி முதல் படத்துக்குப் போய், கடைசிப் படம் வரை தள்ளினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மீன் தீனி டப்பா சீக்கிரமா காலியாகுதேன்னு ஆயாவத் திட்டினேன்க்கா. தொடவே இல்லன்னு அழுதா. தீனி போடற ஆளப் பாத்தாதான் மீனுங்க இப்படி வந்து கூடும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நடுப்பகல். அண்ணன் கண்மூடிக் கிடந்தார். கண்ணாடியில் எதையும் பார்க்கத் தைரியமில்லாமல் திரையை இழுத்து விட்டாள். அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பவளத்துக்கு நேரே லென்ஸை வைத்து, பம்பை நிறுத்தினாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த அறையில் ஓயாமல் கேட்ட சத்தம் நின்றது. பவளத்தின் வாய்கள் அசையாமல் விரிந்து நின்றன.

அப்போது கட்டில் முனகியது. பிறகு வெறும் பாதம் தரையில் உரசும் சத்தம், நின்று நின்று. மீன்கள் எல்லாம் முன்பக்கம் வந்து கூடின. அவளுடைய பிடரியில் மூச்சுக் காற்று பட்டது.

தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் அந்த வேலைக்குப் போறேன்ணா."

"தனியா இருக்க பயமா இருக்கு, பாப்பா."

பதினான்கு மாதங்களாகக் கேட்காத குரல். ஓர் எழுத்து கூடக் குழறவில்லை. பாத்ரூமுக்குத் தூக்கிச் சுமந்தது, ஊட்டிவிட்டது, மறுத்த வேலை எல்லாம் நினைவுக்கு வர, அலற வேண்டும் போல இருந்ததாம். கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்ததாம். இரண்டையும் செய்யவில்லை. மடியிலிருந்த கைபேசியை எடுத்து, "வருகிறேன்" என்று அந்த மருத்துவமனைக்கு எழுதி அனுப்பினாள்.

"அனுப்பி முடிக்கற வரைக்கும் திரும்பலக்கா," என்றாள் என்னிடம். "அவர் முகத்தப் பாத்திருந்தா, என்னால அனுப்பியிருக்க முடியாது."