வரைபடத்தில் அவர் வைத்த லயம்

மூன்று வருடங்களுக்கு முன், கஞ்சிக்கோட்டில் நான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் நடந்தது இது. ஆடி மாதம், விடாத மழை.

தொழிற்சாலை நண்பர்கள் நாங்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கதையாட்டம் ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரம், பகடையில் விழும் எண்ணைப் பொறுத்துக் கதை நகரும். நடத்துகிறவன் நான். கதை நடக்கும் நாட்டையும் எல்லோரும் சேர்ந்துதான் உண்டாக்க வேண்டும். பெரிய சார்ட் தாளில் ஆளுக்கொரு ஊர் பென்சிலால் வரைவோம். வரைந்ததை யாரும் அழிக்கக் கூடாது, சேர்க்கலாம். ஒருவருடைய ஊரில் எதைச் செய்வதானாலும் அவரை முதலில் கேட்க வேண்டும். இந்த விதிகளைப் போட்டதே நான்தான்.

அந்த மாதம் நண்பர் ஒருவர், தன்னோடு வேலை செய்யும் பெண்ணையும் ஆட்டத்துக்கு அழைத்து வந்தார். மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். நாங்கள் கோட்டை, கடல் என்று அளந்துகொண்டிருக்க, அவர் மலைச்சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் பன்னிரண்டு வீடுகள் வரிசையாக ஒட்டிய ஒரு லயத்தையும் எதிர்மேட்டில் சிலுவை வைத்த சின்னக் கோயிலையும் வரைந்தார்.

"ஒரு வீட்டுல கொழம்பு கொதிச்சா பன்னெண்டு வீட்டுக்கும் தெரியும்ணே" என்று சிரித்தார்.

இரண்டாவது வாரம் கதை சப்பென்று போனது. நான்தான் அவசரக்குடுக்கை ஆயிற்றே! அவரைக் கேட்காமலே, மழையில் மலை இடிந்து லயம் மொத்தமும் மண்ணுக்குள் போனதாகக் குரலை ஏற்றி இறக்கிச் சொல்லி, தாளிலும் கிறுக்கி வைத்தேன். மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. அவர் மட்டும் பகடையை மெல்ல மேசையில் வைத்து, "நான் கெளம்புறேண்ணே" என்று எழுந்து போய்விட்டார்.

அவரை அழைத்து வந்த நண்பர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? நெசமாலுமே மலை இடிஞ்சுதானுங்க அவங்க சித்தி குடும்பமே போச்சு. அந்த லயத்துல ஒரு ஊடு மிஞ்சலைங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இங்கே பக்கத்தில் சித்தூர் வயல்காட்டில் வளர்ந்த எனக்கு மழை என்றால் நெல்லுக்கு வரும் தண்ணீர். மலையில் இருப்பவர்களுக்கு அது என்ன என்று யோசித்ததே இல்லை. மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். "பரவால்லண்ணே" என்று பதில் வந்தது, ஆள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு வந்தார். நான் ரப்பரை எடுத்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டனுங்க அம்மிணி. இத அழிச்சரலாங்க" என்றேன்.

"வேண்டாண்ணே. இடிஞ்சது இடிஞ்சதுதான். சேக்கலாம்ல?"

பென்சிலை எடுத்து, பன்னிரண்டு வீட்டு வாசலிலிருந்தும் எதிர்மேட்டுக் கோயிலுக்கு ஒவ்வொரு கோடாக இழுத்தார்.

"அன்னைக்குக் கோயில்ல திருவிழா. லயத்துல ஒருத்தரும் இல்ல. எல்லாரும் சப்பரம் பாக்கப் போயிட்டாங்க." பன்னிரண்டாவது கோட்டைப் போட்டுவிட்டு, "எங்க சித்தியுந்தான்" என்றார்.

அவர் சொன்னபடியே இருக்கட்டும் என்று, அன்று நான் பகடையை உருட்டவில்லை.

ஆட்டம் இன்றும் நடக்கிறது, அவரும் வருகிறார். அந்தத் தாளை விரிக்கும்போதெல்லாம், பிறர் வரைந்த வீட்டில் கை வைக்குமுன் அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தெரியாத மடையனாக இருந்தேனே என்று இன்னும் வெட்கப்படுகிறேன்.